எல் போட் கார் ஓடிய நான்கு மணித்தியாலம்

எனக்குக் கார் ஓடப் பழக்கியவள் என் சிநேகிதி. மிசன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முதல் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். நான் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அவள் சுன்னாகத்துப் பக்கம் வெங்காயம் செய்கிற சைவ வீட்டுப் பிள்ளை. நான் கணிதம் படிப்பிக்கப் போனேன், இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். அவள் கார் ஓடப் படிப்பிக்கப் போனாள். சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை, வாசலில் 'பெண்களுக்குப் பெண்ணே பயிற்சி' என்று ஒரு பலகை, பழைய ஜப்பான் கார் ஒன்று. இருபத்திரண்டு வருடமாக அவளுடைய சாரதி பயிற்சிப் பாடசாலை அவ்வளவுதான்.

அந்தக் காரில் இரண்டு பிரேக். பழகுகிறவர் வலப்பக்கம் இருப்பார், அவள் இடப்பக்கம். இடப்பக்கத்துக் காலடியிலும் ஒரு பிரேக் மிதி உண்டு. பழகுகிறவர் பதறினால் அவள் மிதிப்பாள். அவள் மிதிக்காமல் இருந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ மதில்கள் இன்றைக்கு இருக்கமாட்டா. அவற்றில் இரண்டு மூன்று என் கணக்கில் விழுந்திருக்கும். என்னைக் கொழும்புத்துறைக் கரையோர வீதியில் பழக்கினாள். காய்ந்துகொண்டிருந்த வலைமேல் காரை ஏற்றப் பார்த்தேன். வலைக்காரர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. மூன்றாம் முறைதான் சோதனையில் பாஸ். அதற்குப் பிறகும் நல்லூரிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும்தான் ஓடுவேன், அதுவும் இடது கரையோடு ஒட்டியபடி, திருவிழாக் காலம் என்றால் அதுவும் இல்லை.

சென்ற வருடம் ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்து கைபேசியை நீட்டினாள். அனுராதபுரத்துக்கு அப்பால் ஒரு செம்மண் ஓட்டப்பாதையில் பழைய சிறிய கார்களுக்குப் போட்டி என்று ஓர் அறிவித்தல். நான்கு மணித்தியாலம் விடாமல் ஓட வேண்டும். அந்த நேரத்துக்குள் யார் அதிகம் சுற்று ஓடுகிறாரோ அவருக்கு வெற்றி. கடைசியாக வந்தாலும், கார் பழுதாகி நின்றுவிடாமல் முடிவுக் கொடியைத் தாண்டினால் பெயர் பட்டியலில் வரும், சான்றிதழும் தருவார்கள்.

"பார்க்கப் போவமோ?" என்று கேட்டேன்.

"பாக்கவோ? ஓடப் போறன்."

"விசரே உனக்கு? ஐம்பத்துநாலு வயசு."

"ஓம். அதிலை இருபத்திரண்டு வருசம் இடப்பக்கச் சீற்றிலை இருந்து பிரேக் மட்டும் மிதிச்சுக்கொண்டிருக்கிறன். நாப்பதுக்கு மேலை போனால் பிரேக். வளைவு கண்டால் பிரேக். நாய் கண்டால் பிரேக். ஒரு நாளைக்கு வலப்பக்கம் இருந்து, ஆருக்காகவும் இல்லாமல், ஓடி முடிக்கோணும்."

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மாதம் ஒரு தகப்பன் தன் மகளைப் பாதியில் நிறுத்தி வேறு பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பொம்பிளையிட்டைப் பழகினால் பயந்து பயந்துதான் ஓடுவாள் என்று அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.  அந்தச் சான்றிதழ் கிடைத்தால் வாசலிலேயே மாட்டுவேன், கதைக்கிறவர்கள் வாசித்துவிட்டுக் கதைக்கட்டும் என்றாள். ஓடி முடிப்பது, சான்றிதழ். இந்த இரண்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தன. வெற்றியைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

எட்டு மாதம் பாடுபட்டாள். இரும்பு ஒட்டுகிறவர் ஒருவரைப் பிடித்துக் காருக்குள்ளே கம்பிக்கூடு அடித்தாள், கார் உருண்டாலும் ஆள் நசியாமல் இருக்க. சீற்றுக்கு அகலமான பட்டி பூட்டினாள். விதிப்படி ஒரு காருக்கு இரண்டு சாரதிகள் வேண்டும், ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். இரண்டாவது ஆளாக அவளிடம் பழகிய ஒரு பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், பெயர் கொடுத்திருந்தாள். நான் துணைக்கு மட்டும். தண்ணீர் எடுத்துக் கொடுக்க, சுற்றுகளை எண்ண, நேரம் குறிக்க. கணிதம் படிப்பிக்கிறவள் வேறு எதற்கு?

"கார் ஓட்டப் போட்டிக்கு நீயோ? கோலப் போட்டியெண்டாலும் நம்பலாம்," என்றார் என் கணவர். சேர்ச் வீட்டில் கோலமும் இல்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்திவிட்டுப் பையை அடுக்கினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். போட்டி மறுநாள். கம்பிக்கூடு போட்ட காரின் கதவில் பாடசாலையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அப்படியே இருந்தன. கைதடியில் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, கம்பிக்குள்ளே இருந்த எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்திருப்பார். நான் மடியில் புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிய பொதியை வைத்துக்கொண்டு, இடப்பக்கப் பிரேக்கில் கால் படாமல் முழங்காலை மடக்கி இருந்தேன். அவள் அறுபதுக்கு மேல் ஓடவில்லை. கார் களைக்கக் கூடாதாம்.

வங்கிக்காரப் பெண்ணைச் சாவகச்சேரியில் ஏற்றுவதாக இருந்தது. சாவகச்சேரி வந்தது, போனது. வழியில் வேறெங்கோ நிற்கிறாளாக்கும் என்று நினைத்தேன். ஆனையிறவு உப்பளத்தைத் தாண்டிய பிறகுதான் என் சிநேகிதி வாய் திறந்தாள்.

"எடி, அவள் வரேல்லை. முந்தநாள் கிணத்தடியிலை வழுக்கி விழுந்து கை முறிஞ்சுபோச்சு."

"பேந்தென்ன செய்யப்போறாய்?"

"உன்னட்டை லைசன்ஸ் இருக்குத்தானே."

நான் கத்தினேன் என்று எழுதினால் குறைத்து எழுதியதாகும். காரை நிறுத்து என்றேன், பஸ் பிடித்துப் போகிறேன் என்றேன், முப்பது வருடச் சிநேகிதம் இதோடு சரி என்றேன். உண்மையில் நாற்பத்துமூன்று வருடம். கோபத்தில் கணக்கும் பிழைத்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். பதறுகிறவர்களுக்குப் பக்கத்தில் பேசாமல் இருப்பது அவளுடைய தொழில்.

பரந்தனில் காரை ஓரங்கட்டினாள். "ஏலாது எண்டால் சொல்லு. இதிலை திருப்புவன். ஒண்டும் நினைக்கமாட்டன்," என்றாள்.

முகத்தைப் பார்த்தேன். திருப்பியிருப்பாள். ஒரு சொல் குறையும் சொல்லியிருக்கமாட்டாள், திங்கட்கிழமை காலை அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு மறுபடி இடப்பக்கம் ஏறியிருப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு மணித்தியாலம்தான். அதுக்கு மேலை ஒரு நிமிசமும் ஓடமாட்டன்," என்றேன். அந்த ஒரு மணித்தியாலம்தான் பிறகு எங்களைக் கவிழ்த்தது.

மறுநாள் காலை ஓட்டப்பாதையில் கார்ப் பரிசோதனை. வெள்ளை மீசை வைத்த உயரமான நடுவர் ஒருவர் காரைச் சுற்றி வந்து, இடப்பக்கம் குனிந்து பார்த்து, இது என்ன மிதி என்று சிங்களத்தில் கேட்டார். அவள் நல்ல சிங்களத்தில் விளக்கினாள். சாரதிப் பரீட்சகர்களோடு மல்லுக்கட்டிக் கற்ற சிங்களம் அது. அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. ஓட்டத்தில் அது இருக்கக் கூடாது, கழற்ற வேண்டும் என்றார். அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கார்த் தரையில் மல்லாக்கப் படுத்தாள். போல்ற் இறுகிக் கிடந்தது. பக்கத்துக் கூடாரத்து ஆண்கள் உதவட்டுமா என்றார்கள், வேண்டாம் என்றாள். பத்து நிமிடத்தில் மிதி கையோடு வந்தது. மேலே இருந்த ரப்பர் அவளுடைய பாதத்தின் அளவுக்கு ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாகிப் போயிருந்தது. அதை ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பின்பெட்டிக்குள் போட்டாள். 

இருபத்துமூன்று கார்கள். மற்றக் கூடாரங்களில் ஆறேழு பேர், பெரிய பெரிய கருவிப்பெட்டிகள், குளிர்பானப் பெட்டிகள். எங்கள் கூடாரத்தில் நாங்கள் இருவர், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, நான் வகுப்பறையிலிருந்து கொண்டுபோன சின்னக் கரும்பலகை. மற்றக் கார்களில் எண்ணெய், ரயர் விளம்பரங்கள். எங்கள் கதவில் 'கியர் மாற்றிப் பழகச் சிறந்த இடம்'.

பத்து மணிக்குக் கொடி அசைந்தது. முதல் வளைவிலேயே சனம் சிரித்தது. அவள் ஒரு காரை முந்துவதற்குச் சிக்னல் போட்டாள். முந்தி முடிந்ததும் மறுபக்கச் சிக்னல் போட்டு உள்ளே வந்தாள். ஒலிபெருக்கியில் கதைத்தவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகையில் சுற்றுகளைக் கோடு போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் சிரிப்பு அடங்கியது. புழுதி பறக்க முதலில் ஓடியவர்கள் ஒவ்வொருவராக நிற்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குக் கிளச் எரிந்தது, ஒருவருக்கு ரயர் கிழிந்தது, இரண்டு பேர் வளைவில் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு வெளியே போனார்கள். அவள் அவர்களுக்கு நடுவால் வந்துகொண்டே இருந்தாள். வளைவுக்கு முன்பு எந்த இடத்தில் காலை எடுத்தாளோ, அடுத்த சுற்றிலும் அதே இடத்தில்தான் எடுத்தாள். ஒரு மரத்தின் நிழலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு முழம் பிசகவில்லை. ஒரு தரம் அவளுக்கு முன்னால் போன சிவப்புக் கார் சறுக்கித் திரும்பியது. அது சறுக்குவதற்கு முன்பே அவள் வேகத்தைக் குறைத்து மற்றப் பக்கம் ஒதுங்கிவிட்டாள். எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன்.

"இருபத்திரண்டு வருசமா மற்றவையின்ரை காலைத்தானே பாத்தனான். ஆர் எப்ப பிழை விடுவினம் எண்டு அவைக்கு முதல் எனக்குத் தெரியும்."

பதினொன்றரைக்கு உள்ளே வந்தபோது ஒன்பதாவது இடம். இறங்கினாள். புழுதியில் கண்ணிமை கூடச் சிவந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குத் தலைக்கவசத்தை மாட்டி, பட்டியை இழுத்துப் பூட்டி, கொழும்புத்துறை வீதியில் சொன்ன அதே சொற்களைச் சொன்னாள். "ஆறுதலா. தூரத்தைப் பார். பின்னாலை வாறவன் உன்ரை பிரச்சினை இல்லை."

நான் ஓடினேன். இதை எழுதுகிறபோதும் நம்ப முடியவில்லை, ஆனால் ஓடினேன். முதல் பத்துச் சுற்றும் "கர்த்தர் என் மேய்ப்பர்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு அதை மறந்துபோனேன். இரண்டாம் கியரில் வளைவை எடுத்து மூன்றுக்கு மாற்றுகிறபோது கார் என்னோடு ஒத்துப்போனது. அந்த ஓட்டம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

பிறகு மேற்கு வளைவில் மஞ்சள் கொடி காட்டினார்கள். மெதுவாகப் போ என்று அர்த்தம். மெதுவானேன். மெதுவானதும் கண்ணில் பட்டது: ஒரு நீலக் கார், பாதை ஓரத்தில், என்ஜின் மூடி, அதுதான் போனெற், திறந்தபடி.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு இருபது வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதில்லை. கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வழியில் நின்றால் நின்றதுதான். அதனால் தெருவில் போனெற் திறந்து நிற்கிற வண்டியை யாரும் கடந்து போவதில்லை. நின்று கேட்பார்கள், தள்ளுவார்கள், தங்களிடம் இருக்கிற போத்தலில் இருந்து இரண்டு சொட்டு விடுவார்கள். நாளைக்கு நிற்கப்போவது நம்முடையதாக இருக்கலாம். பெற்றோல் வந்த பிறகும் எங்கள் வயதுக்காரருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. என் சிநேகிதி அதைப் பாடமாகவே படிப்பிப்பாள். கியருக்குப் பிறகு, பின்பக்கம் எடுப்பதற்கு முன்பு, போனெற் திறந்து நிண்டால் நில்லு, கண்ணாடியை இறக்கிக் கேள்.

நான் இடப்பக்கச் சிக்னல் போட்டு, நீலக் காருக்கு முன்னால் ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தினேன். பட்டியைக் கழற்றி இறங்கினேன். அந்தக் காரின் சாரதி பருத்த, வழுக்கைத் தலைக்காரர். இடுப்பில் கையூன்றி, என்ஜினிலிருந்து வந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, தண்ணி கொதிச்சுட்டுதோ? என்னட்டைப் போத்தல் இருக்கு," என்றேன்.

அவர் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார்: "அக்கா, போங்க, போங்க. இது ரேஸ்."

அப்போதுதான் என் காதில் மற்றக் கார்களின் சத்தம் விழுந்தது.  ஏறினேன், பட்டி பூட்ட வரவில்லை, மூன்று தரம் முயன்று பூட்டினேன். வளைவு தாண்ட முன்பே எங்கள் இலக்கத்தைக் காட்டிக் கறுப்புக் கொடி. உள்ளே வா என்று அர்த்தம்.

வெள்ளை மீசைக்காரர் காத்துக்கொண்டு நின்றார். பாதையில் இறங்கியதும் தவறு, இன்னொரு காருக்கு உதவப் போனதும் தவறு. கார் பதினைந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். போனெற் திறந்திருந்தது என்றேன். என் சிநேகிதி அதைச் சிங்களத்தில் சொன்னாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. பனையால் விழுந்தவளை மாடேறி மிதித்த மாதிரி, ஒலிபெருக்கிக்காரரும் நடந்ததை ஊருக்கே சொன்னார். "நீ என்னைப் பேசு, நல்லாப் பேசு," என்றேன் அவளிடம்.

"என்னத்தைப் பேசிறது? நான் படிப்பிச்சதைத்தானே செய்தனீ. இவ்வளவு பேரிலை நீ ஒருத்திதான் பாடத்தை மறக்காமல் இருந்தனீ." தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். கோப்பை என் கையில் நிற்கவில்லை. பாதி மடியில் ஊற்றுப்பட்டது. அவள் என் கையைப் பார்த்தாள். பதினைந்து நிமிடம் முடிந்ததும் தலைக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு தானே ஏறிப் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மீண்டும் கோடு போடத் தொடங்கினேன். பத்தொன்பதாவது இடத்திலிருந்து தொடங்கினாள். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. அதே மரநிழல், அதே இடம். மற்றவர்கள் நிற்க நிற்க, பதினேழு, பதினைந்து, பதினான்கு. ஒலிபெருக்கிக்காரரிடம் இப்போது சிரிப்பு இல்லை. யாழ்ப்பாணத்துச் சாரதி ஆசிரியை என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். வழுக்கைத் தலைக்காரர் எங்கள் வேலியோரம் வந்து நின்று, அவள் கடக்கிற ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டினார்.

ஒன்று நாற்பது போல வெள்ளை மீசைக்காரர் ஓர் அட்டையோடு வந்தார். என் பெயருக்கு நேரே விரலை வைத்தார். பதினொன்று முப்பதிலிருந்து பன்னிரண்டு பதினெட்டு வரை. நாற்பத்தெட்டு நிமிடம். ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும் என்பது விதி. இன்னும் பன்னிரண்டு நிமிடம் நான் ஓடாவிட்டால் எங்கள் கார் பட்டியலில் வராது, சான்றிதழும் இல்லை. இரண்டு மணிக்கு ஓட்டம் முடியும். ஆகவே ஒன்று நாற்பத்தெட்டுக்கு முன்பு நான் ஏறியாக வேண்டும்.

முப்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். நேரம் குறிக்கவென்றே கூட்டிக்கொண்டு போனவள் நான். அறுபதிலிருந்து நாற்பத்தெட்டைக் கழிக்கத் தோன்றவில்லை. வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் இந்தத் தடவை கை நடுங்கவில்லை. கரும்பலகையை அழித்து, பெரிதாக 'உள்ளே வா' என்று எழுதி வேலியில் தூக்கிப் பிடித்தேன். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டேன். என்னால் வந்த வினை, நானே தீர்ப்பேன். நான் கொடியைத் தாண்டி அவளுக்குச் சான்றிதழை வாங்கிக் கொடுப்பேன்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு வந்தாள். என்ஜினை நிறுத்தவில்லை. ஜன்னலுக்குள் தலையை விட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பன்னிரண்டு நிமிசம் குறையும் எண்டு. ஏறேக்கையே தெரியும்."

"பேந்தேன் ஏறினனீ? என்னை ஏத்தியிருக்கலாமே!"

"நீ நடுங்கிக்கொண்டு நிண்டாய். நடுங்கிறவளைச் சீற்றிலை இருத்தி நான் ஒரு நாளும் ஓட விட்டதில்லை. சான்றிதழுக்காகவும் விடமாட்டன்."

"இப்ப நடுங்கேல்லை. பார்." கையை நீட்டிக் காட்டினேன். "இறங்கு, கெதியா. நான் ஓடிறன். பட்டியலிலை பேர் வரட்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போன அந்த மனிசனுக்கு வாசல்லை மாட்டிக் காட்டலாம்."

அவள் என் கையைப் பார்த்தாள். உண்மையாகவே நடுங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம் தன் கையைப் பட்டியின் பூட்டில் வைத்தாள். இறங்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அவளை எனக்குத் தெரியும். தம்பிமாரின் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டவள். பழகவந்த பிள்ளைகள் நல்ல நாளில் சோதனைக்குப் போக வேண்டும் என்று தன் வீட்டு விசேஷங்களைத் தள்ளிப் போட்டவள். யாருக்கென்றாலும் சீற்றை விட்டுக்கொடுத்தே பழகியவள். பட்டியில் இருந்த கையை எடுத்து ஸ்ரியரிங்கில் வைத்தாள்.

"இல்லையடி," என்றாள். "எனக்கு ஓடோணும்."

"சான்றிதழ்?"

"சான்றிதழ் கிடக்கட்டும். விலத்து."

விலத்தினேன். வேறென்ன செய்வது? வெள்ளை மீசைக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அவள் ஓடுகிறாள், பட்டியல் வேண்டாம் என்று. அவருக்கு முதலில் விளங்கவில்லை. பட்டியல் வேண்டாமா, பன்னிரண்டு நிமிடம்தானே என்றார். வேண்டாம் என்றேன். அட்டையில் எங்கள் இலக்கத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னோடு வேலியில் வந்து நின்றார்.

அந்தக் கடைசிக் கால் மணித்தியாலம் நான் எண்ணவில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, இனி எந்த இடமும் இல்லை. வெறுமனே பார்த்தேன். பாதையில் மிச்சம் இருந்தவை பதின்மூன்று கார்கள். அவள் இப்போது வேகமாக ஓடினாள். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த வேகம் அது. அந்த மரநிழலைத் தாண்டியும் காலை எடுக்கவில்லை, வளைவின் உள்ளுக்குள்ளே போய்த்தான் எடுத்தாள், கார் பக்கவாட்டில் சறுக்கி நிமிர்ந்தது, அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சிக்னல் இல்லை. ஐந்து கார்களை முந்தினாள். ஐந்தாவதை முந்துகிறபோது நான் வேலியில் ஏறி நின்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் யாராவது கண்டிருந்தால் என் பெயர் கெட்டிருக்கும்.

எங்களைக் கடக்கிறபோது முகம் தெரிந்தது. நாற்பத்துமூன்று வருடமாக எனக்குத் தெரிந்த முகம்தான். எப்போதும் பக்கத்தில் இருப்பவரின் கையையும் காலையும் கவனித்துக்கொண்டிருக்கும் முகம். அன்றைக்கு அது ஒருவரையும் கவனிக்கவில்லை, நேரே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மேல் எனக்குப் பொறாமை கூட வந்தது.

இரண்டு மணிக்குக் கொடியை அசைத்தார்கள். ஒவ்வொரு காராகத் தாண்டி, வேகம் குறைத்து, ஓரமாக வந்து நின்றது. அவளும் கொடியைத் தாண்டினாள். வேகம் குறையவில்லை. முதல் வளைவுக்குள் போய் மறைந்தாள்.

"கொடியைக் காணவில்லையா?" என்று வெள்ளை மீசைக்காரர் பதறினார். ஆட்கள் கையை அசைத்துக்கொண்டு ஓடினார்கள். வெறும் பாதையில் அவளுடைய கார் மட்டும் ஒரு முழுச் சுற்று வந்தது. கடைசி நேர்ப்பாதையில் ஆறுதலாக வேகம் குறைந்து, எங்களுக்கு நேரே வந்து நின்றது. என்ஜினை நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"கொடி காட்டினதைக் காணேல்லையோ?" என்று கேட்டேன்.

"கண்டனான். வடிவாக் கண்டனான்," என்றாள். "போட்டி முடிஞ்சுது எண்டு தெரியும். எனக்கு முடியேல்லை."